காங்கேசன்துறைச் சுண்ணாம்புக்கல்லும் அதன் கனிப்பொருள்களும்

காங்கேசன்துறை என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒவ்வொரு காட்சி தோன்றும். முருகனடியாருக்கு மாவிட்டபுரம் தோன்றும். காங்கேயன் என்பது முருகப்பெருமானின் திருநாமங்களுள் ஒன்று. மாவிட்டபுரக் கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் கடல் கடந்து வந்திறங்கிய துறை இதுவாதலின் இப்பெயர் வந்ததென்பது வழிவழி வந்த வரலாறு. புகையிரதத்திற் பயணஞ் செய்வோருக்கு இது வடபாதையின் கடைசி நிலையம். கட்டடம் அமைப்போருள் வயது முதிர்ந்தவர்களுக்குச் சீமெந்துப் பையில் அச்சிடப்பட்டிருந்த ஊர்ப்பெயர். ஆனால் இவை யாவற்றுக்கும் முன்னரே, கோயிலும் துறையும் ஊரும் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே, அங்கே இருந்தது ஒன்றுண்டு. அது கல். அக்கல்லும், அக்கல்லை ஆக்கிய கனிப்பொருள்களுமே இங்குப் பேசப்படும் பொருளாகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். பாறை வேறு, கனிப்பொருள் வேறு. இயற்கையில் உண்டாகி, இன்ன மூலகங்கள் இன்ன விகிதத்திற் சேர்ந்தவை என்று கூறத்தக்க இயைபும், ஒழுங்கான உள்ளமைப்பும் உடைய திண்பொருளே கனிப்பொருள் எனப்படும். அத்தகைய கனிப்பொருள்கள் திரண்டு கிடப்பதே பாறை. மாலையை உவமையாகக் கூறலாம். பல நிறப் பூக்களைச் சேர்த்துக் கட்டிய கதம்பமும் மாலைதான்; மல்லிகை ஒன்றனையே தொடுத்ததும் மாலைதான். கருங்கல் கதம்பம் போன்றது. அதனை உடைத்து நோக்கினால் கண்ணாடி போல ஒளிரும் குவாட்சும், வெண்மையும் இளஞ்சிவப்புமான பெல்சுபாரும், தகடு தகடாக உரியும் மைக்காவும் தனித்தனியே தெரியும். சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் ஒரே பூவாலாகிய மாலை. அதில் உள்ளது கல்சைற்று என்னும் ஒரு கனிப்பொருளேயெனல் பெரிதும் பொருந்தும்.

புவியின் மேலோட்டை ஆக்கியுள்ள கனிப்பொருள்களுட் பெரும்பாலானவை சிலிக்கேற்றுக்கள். அஃதாவது சிலிக்கனும் ஒட்சிசனும் பிற உலோகங்களோடு சேர்ந்தவை. இலங்கைத் தீவின் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய கனிப்பொருள்களாலான பழம் பாறைகளே. ஐம்பத்து நான்கு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவை, மிகுந்த வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. கண்டி மலைகளிலும் வன்னியின் பெரும் பகுதியிலும் தெரிவன அவையே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், புத்தளம், மன்னார் கரையோரத்திலும் மட்டும் நிலை வேறு. அங்கே அப்பழம் பாறைகள் ஆழத்திற் புதைந்து கிடக்க, மேலே காபனேற்றுக் கனிப்பொருள்களாலான சுண்ணாம்புக்கல் படிந்துள்ளது.

காபனேற்றுக்கள் என்பவை யாவை? ஒரு காபன் அணுவும் மூன்று ஒட்சிசன் அணுக்களும் சேர்ந்த கூட்டம், ஓர் உலோகத்தோடு இணைந்தால் உண்டாகும் கனிப்பொருள்களே காபனேற்றுக்கள். அவ்வுலோகம் கல்சியமாயின் கல்சைற்று அல்லது அரகனைற்று; கல்சியமும் மகனீசியமும் சேர்ந்திருப்பின் தொலமைற்று; மகனீசியம் மட்டுமாயின் மகனசைற்று; இரும்பாயின் சிடரைற்று. தமிழ்நாட்டிற் சேலம் நகருக்கு அணித்தாயுள்ள சுண்ணாம்புக் கரட்டிற் பேர்பெற்ற வெள்ளைக் கல், பெயரளவிற் சுண்ணாம்பாயினும் உண்மையில் மகனசைற்றே. பாறையாகப் பெருமளவிற் பரந்து கிடப்பவை என்று கூறத்தக்கவை கல்சைற்றும் தொலமைற்றுமே.

கல்சைற்றை இனங்காண்பது எளிது. கனிப்பொருள்களின் வன்மையை ஒன்று முதல் பத்து வரையுள்ள மோவின் அளவுத்திட்டத்தால் அளப்பர். அதில் கல்சைற்றின் இடம் மூன்று. கைந்நகத்தால் அதனைக் கீற இயலாது. பேனாக்கத்தியால் எளிதிற் கீறலாம். குவாட்சின் வன்மை ஏழாதலின், அதன்மீது கத்தி வழுக்கிச் செல்லும். இரண்டாவது சோதனை அமிலச் சோதனை. ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத் துளி ஒன்று பட்டவுடன் கல்சைற்று நுரைத்துப் பொங்கும். ஆய்கூடம் இல்லாதவர் கல்லைச் சிறிது பொடித்து அதன்மேல் வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ விட்டுப் பார்க்கலாம். மெல்லிய நுரை எழும். எழுவது காபனீரொட்சைட்டு வாயு.

மூன்றாவது அடையாளம் அதன் பிளவு. தூய கல்சைற்றுப் பளிங்கைச் சுத்தியலால் தட்டினால் அது தாறுமாறாக நொறுங்குவதில்லை. சரிந்த பெட்டி போன்ற சாய்சதுரத் துண்டுகளாகவே பிரியும். அத்துண்டை மீண்டும் உடைத்தாலும் அதே வடிவமே வரும். பிரெஞ்சு அறிஞர் ஆயி என்பவர், கைதவறி விழுந்த கல்சைற்றுப் பளிங்கின் துண்டுகளை நோக்கியதிலிருந்தே பளிங்குகளின் உள்ளமைப்பைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார் என்பர். சிற்றணு ஒழுங்கே பெருவடிவமாக வெளிப்படுகின்றது என்னும் கருத்துக்கு அது வழிகாட்டிற்று. கண்ணாடி போலத் தெளிந்த கல்சைற்றை ஓர் எழுத்தின்மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். ஐசுலாந்திலிருந்து பெற்ற இத்தகைய பளிங்கைக் கொண்டு தென்மார்க்கு நாட்டு எராசுமசு பார்த்தொலின் 1669ஆம் ஆண்டில் இவ்விரட்டை முறிவை விவரித்தார். ஒளியின் தன்மையை ஆராய்ந்தோருக்கு நெடுங்காலம் கைவிளக்காக இருந்தது இக்கனிப்பொருளே.

அரகனைற்று கல்சைற்றின் உடன்பிறப்பு. இரண்டின் இரசாயன இயைபும் ஒன்றே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறைதான் வேறு. அரிசியைச் சாக்கில் இட்டுக் குலுக்கினால் இன்னும் சிறிது கொள்ளும் அன்றோ? அதுபோல அரகனைற்றில் அணுக்கள் சற்று நெருக்கமாக அமைந்துள்ளன. ஆதலின் கல்சைற்றின் தன்னீர்ப்பு 2.71 ஆக, அரகனைற்றினது 2.93 ஆகின்றது. இசுப்பெயின் நாட்டு அரகன் என்னும் பிரதேசத்தாற் பெற்ற பெயர் இது. பெயர் அயலதாயினும் பொருள் தமிழருக்கு அயலதன்று. மன்னார்க் கடலின் முத்தை ஒளிரச் செய்வதும், சங்கின் உடலை ஆக்குவதும், கடலில் வளரும் முருகைக்கல்லின் எலும்பாக அமைவதும் அரகனைற்றே. ஆயினும் அது நிலையற்றது. நீண்ட காலம் செல்லச் செல்ல, நீர் ஊறும் பாறையில் அரகனைற்று கரைந்து கல்சைற்றாக மாறிவிடும். எனவேதான் பழஞ் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியின் வடிவம் எஞ்சியிருக்கும். அதன் பழைய பொருள் எஞ்சியிராது.

மூன்றாவதாகிய தொலமைற்று, பிரெஞ்சு அறிஞர் தொலொமியே என்பவரின் பெயரால் வழங்குவது. தோற்றத்திற் கல்சைற்றை ஒத்ததாயினும், வன்மை மூன்றரைக்கும் நான்குக்கும் இடைப்பட்டது. குளிர்ந்த ஐதான அமிலத்திற் சட்டெனப் பொங்காது. பொடித்தால் அல்லது சூடேற்றினாற்றான் நுரைக்கும். இலங்கையின் மலைநாட்டில், கண்டி, மாத்தளைப் பகுதிகளில், சலவைக்கல் போலப் பளிங்குருவான சுண்ணாம்புக்கல் பட்டைபட்டையாக உள்ளது. அதில் தொலமைற்றே மிகுதி. இப்பாறைகளை ஆராய்ந்து 1902ஆம் ஆண்டிலேயே இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரை எழுதியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான அவரைக் கலை விமரிசகராகவே பலரும் அறிவர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு முதற் பணிப்பாளராக இருந்தவரும் அவரேயென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனிக் காங்கேசன்துறைக் கல்லின் பிறப்பைப் பார்ப்போம். அது மயோசின் காலத்துக்குரியது. மயோசின் என்பது ஏறக்குறைய இரண்டு கோடியே முப்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலப்பிரிவு. அக்காலத்தில் இன்றைய குடாநாடு இளஞ்சூடான ஆழமற்ற கடலின் கீழ்க் கிடந்தது. சிப்பிகளும் முருகைப் பூச்சிகளும், கண்ணுக்குப் புலனாகாத துளையுயிர்களும் அக்கடலில் வாழ்ந்தன. அவை கடல்நீரிற் கரைந்திருந்த கல்சியத்தை எடுத்து ஓடுகளாகவும் கூடுகளாகவும் ஆக்கின. இறந்தபின் அவற்றை அடித்தளத்தில் விட்டுச் சென்றன. ஓட்டின்மேல் ஓடும், கூட்டின்மேற் கூடுமாகப் படிந்து, இறுகி, கல்லாயின. பின்னர்க் கடல் விலகிற்று. 1923ஆம் ஆண்டில் வேலந்து, தேவிசு என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு, இங்குள்ள உயிர்ச்சுவடுகளைக் கொண்டு இக்கல்லின் காலத்தை விளக்கிற்று. கீரிமலைக் கரையில் அலை அரித்த தாழ்ந்த பாறை விளிம்பை உற்று நோக்குபவர் அச்சுவடுகளை இன்றும் காணலாம். அங்கே ஒரு பிடி கல்லை எடுப்பவர் ஆயிரமாயிரம் உயிர்களின் எச்சத்தையே கையில் ஏந்துகின்றார்.

இக்கல்லை மனிதன் பயன்படுத்திய முதல் வழி சூளை. கல்சைற்றை ஏறக்குறைய 900 பாகை சதமளவைக்குச் சூடேற்றினால் காபனீரொட்சைட்டு வெளியேறும். எஞ்சுவது நீறாத சுண்ணாம்பு. 100 இறாத்தல் தூய கல்லிலிருந்து 56 இறாத்தல் சுண்ணாம்பே கிடைக்கும். மற்றை 44 இறாத்தலும் வாயுவாய் வானிற் கலந்துவிடும். இக்கணக்கின் உட்பொருளை விளக்குவதற்கு வழிவகுத்தவர் இசுக்கொத்துலாந்தின் யோசேப்பு பிளாக்கு. அவரது கட்டுரை 1756ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீறாத சுண்ணாம்பில் நீர் வார்த்தால் அது கொதித்து நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரிற் பூசினால், அது காற்றிலிருந்து தான் இழந்த வாயுவை மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டு மறுபடியும் கல்சைற்றாகிவிடும். வெள்ளையடித்த சுவர், அதன் இயைபை நோக்குமிடத்து, கல்லின் மறுபிறப்பேயாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இக்குடும்பத்தினதே.

இரண்டாவது வழி சீமெந்து. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோசேப்பு அசுப்புதின் காப்புரிமை பெற்ற போட்லந்துச் சீமெந்து, சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுடுவதால் ஆவது. இன்றைய முறையில் உருளும் உலையில் 1,450 பாகையளவுக்கு வெப்பமேற்றப்படும். அங்கே சுண்ணாம்பு, களிமண்ணிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் கூடிக் கிளிங்கர் என்னும் கட்டிகளாகும். கிளிங்கரைச் சிறிது சிப்சத்தோடு அரைத்தால் சீமெந்து. ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் கல் வேண்டும். கல்லில் மகனீசியம் மிகுந்தால், கட்டடம் இறுகியபின் சீமெந்து வீங்கி வெடிக்கும். ஆதலின் மலைநாட்டுத் தொலமைற்றுக் கல் இதற்கு உதவாது. அது தேயிலைக்கும் தென்னைக்கும் இடும் பசளைக்கே ஏற்றது. மகனீசியம் குறைந்த யாழ்ப்பாணக் கல்லோ மிகப் பொருத்தமானது. அன்றியும் துறைமுகமும் புகையிரதப் பாதையும் அருகிருந்தன. எனவே இலங்கையின் சீமெந்துத் தொழிற்சாலை காங்கேசன்துறையில் எழுந்தது. திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950ஆம் ஆண்டில், உற்பத்தி தொடங்கிற்று. களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. நாற்பது ஆண்டுகளாக அத்தொழிற்சாலை நாட்டின் அணைகளுக்கும் பாலங்களுக்கும் வீடுகளுக்கும் சீமெந்து வழங்கிற்று. வடபகுதியிற் பல குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. 1990ஆம் ஆண்டில் போரின் காரணமாக அது மூடப்பட்டது. ஊர்மக்களும் இடம்பெயர்ந்தனர். நின்றவை வெற்றுக் கட்டடங்களும், கல் அகழ்ந்த பெருங் குழிகளுமே.

இதுவரை கூறியவை கல்லை எடுப்பதாற் கிடைக்கும் பயன்கள். கல்லை இருக்குமிடத்தில் இருக்க விடுவதாற் கிடைக்கும் பயன் ஒன்றுண்டு. அதனை அறியாதார் குடாநாட்டை அறியாதாரே.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் வறள்வது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழையும் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்து தீர்ந்துவிடும். அவ்வாறாயின் ஆண்டு முழுவதும் குடிக்கவும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைக்கவும் நீர் எங்கிருந்து வருகின்றது? கல்லிலிருந்தே வருகின்றது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகின்றது. அவ்வமிலம் கல்சைற்றை ஊழியூழியாகக் கரைத்து, கல்லின் வெடிப்புக்களைக் குகைகளாகவும் வாய்க்கால்களாகவும் அகலச் செய்துள்ளது. தேசிக்காய்ச் சாறு ஒரு நொடியிற் செய்து காட்டுவதையே மழை பல்லாயிரம் ஆண்டுகளிற் செய்துள்ளது. குடாநாட்டு நீர் வன்னீராயிருப்பதற்கும், கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிவதற்கும் இதுவே காரணம். கொதிக்கும்போது, கரைந்த கல்சைற்று மீண்டும் கல்லாகின்றது.

கீரிமலையிற் கடலலை கால் நனைக்கும் தூரத்தில் நன்னீர் சுரப்பதும் இதனாலேயே. நிலத்தின் கீழ் வாய்க்கால்களில் ஓடிவரும் மழைநீர் கரையோரத்திற் பாறை விளிம்பில் வெளிப்படுகின்றது. குதிரை முகத்தோடு பிறந்த மாருதப்புரவீகவல்லி நீராடி மனித முகம் பெற்றாள் என்று தலபுராணம் கூறும் தீர்த்தம் அது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறும் அவ்வாறே. இராமபிரான் அம்பெய்து தோற்றுவித்ததெனக் கதை வழங்கும் அக்கேணி, குகையின் கூரை இடிந்து வீழ்ந்ததால் உண்டானது. மேலே நன்னீர், ஆழத்திற் செல்லச் செல்ல உவர்நீர்.

இந்த நிலாவரையே குடாநாட்டு நீர்நிலையின் முழு இலக்கணமும் காட்டும் கண்ணாடி. கல்லின் கீழ்ப்பகுதியிற் கடல்நீர் நிறைந்துள்ளது. மழைநீர் எடை குறைந்ததாதலின் அதன்மேல் மிதக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தைச் சேர்ந்த கைபனும், பின்னர் 1901ஆம் ஆண்டில் செருமனியைச் சேர்ந்த எர்சுபேக்கும் இதற்கொரு கணக்குக் கண்டனர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய நாற்பதடிவரை நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சி தரும் கணக்குத்தான். ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. இறைத்து இறைத்து மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலெழும். துலாவிட்டுப் பட்டையால் இறைத்த முன்னோர் அறிந்தோ அறியாமலோ அளவோடு இறைத்தனர். இயந்திரம் அவ்வளவு அறியாது.

இதனோடு, கல்லின் ஒரு குணத்தையும் மறத்தல் ஆகாது. வெடிப்புக்கள் வழியே மழை விரைந்து இறங்குமாயின், மாசும் அவ்வாறே விரைந்து இறங்கும். மணல்போலப் பொறுமையாக வடிகட்டும் ஆற்றல் இக்கல்லுக்கு இல்லை. மேலேயுள்ள செம்மண் படையே சிறு காவல். வயலுக்கிடும் பசளையும் மலக்குழிக் கழிவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றன. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் பல கிணறுகளில் அவ்வெல்லை கடந்த அளவு ஆய்வாளரால் காணப்பட்டுள்ளது. கைக்குழந்தைகளுக்கு இது பெருந் தீங்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமொன்று தாளையடியில் 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டமை, நிலத்தடி நீர் ஒன்றையே நம்பியிருக்க இயலாத நிலை வந்துவிட்டது என்பதற்குச் சான்று.

போர் முடிந்தபின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. 2023ஆம் ஆண்டில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. ஊர் மீளும்போது பழைய வினாவும் மீள்கின்றது. சீமெந்துத் தொழிற்சாலையை மறுபடி இயக்கலாமா? இயக்கலாம் என்போர், வேலையற்ற இளைஞரையும் வீடிழந்த குடும்பங்களையும் சுட்டுகின்றனர். அவர்கள் கூற்றைத் தள்ளிவிடுதல் எளிதன்று. ஆகாது என்போர் கிணற்றைச் சுட்டுகின்றனர். அவர்கள் கூற்றையும் கனிப்பொருளின் இலக்கணமே வலியுறுத்துகின்றது. கல்லை நீர்மட்டத்துக்கு மேலே அகழ்ந்தாலும் நீரைக் காக்கும் போர்வை நீங்கும். கடலோரத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே அகழ்ந்தாலோ, உவர்நீருக்கு வாசல் திறந்தவாறாகும். களிமண்ணை முருங்கனிலிருந்து கொண்டுவந்தது போலக் கல்லையும் பிற இடத்திலிருந்து கொண்டுவரலாம்; கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைத்தலும் உலகில் வழக்கமே. ஆனால் நீரைத் தாங்கும் கல்லை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து நிலத்தின் கீழ் அடுக்கும் வித்தை எந்நாட்டாருக்கும் தெரியாது.

இவ்வினாவுக்கு விடை காணவேண்டியவர் அம்மண்ணின் மக்களே. அவர்களுக்குக் கனிப்பொருளியல் தரக்கூடிய உதவி சிறிதுதான். ஆயினும் அது உறுதியானது. சூளையில் இடும் ஒவ்வொரு 100 இறாத்தல் கல்லிலும் 44 இறாத்தல் திரும்பி வாராது காற்றோடு போகும். மற்றை 56 இறாத்தல் சுவராக நிற்கும். அக்கல் நிலத்தில் இருந்த காலத்திற் சுமந்த நீர் இரண்டிலும் இராது. இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பியோரிற் பலருக்கு, தூர்ந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குதல் முதல் வேலைகளுள் ஒன்றாயிற்று. சுவர் எழுப்புவதற்கு முன் நீர் வேண்டும் என்பதை அவர்கள் எந்நூலையும் படித்து அறிந்தவர்கள் அல்லர். கல்சைற்று என்னும் கனிப்பொருளைப் பற்றிக் கற்கத்தக்க முதற்பாடமும் முடிந்த பாடமும் அதுவேயாகும்.